சோடா வேனுக்குள் ஒரு வீடு

1. டாலி பிடித்தவன்

பாலக்கரையில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் நான் சேர்ந்த அன்று எனக்குக் கொடுத்த வேலை, ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பது. என் குணத்துக்கு அவ்வளவு பொருத்தமான வேலையை அதற்குப் பிறகு யாரும் கொடுக்கவில்லை.

அந்த இரும்புத் துண்டுக்கு டாலி என்று பெயர். பஸ்ஸுக்கு வெளித்தகடு போடும்போது வெளியே ஒருவர் ரிவெட்டைச் சுத்தியால் அடிப்பார். அதன் மறுமுனை நசுங்கிப் பிடிக்க வேண்டுமானால் உள்ளே ஒருவர் டாலியை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். வெளியே அடித்தவர் டிங்கர் அந்தோணி அண்ணன். உள்ளே நின்றவன் நான். அவர் அடித்ததில் பாதி தகட்டில் இறங்கும், பாதி என் காதில் இறங்கும். இன்றைக்கு வீட்டில் எதைச் சொன்னாலும் இரண்டாவது தடவைதான் எனக்குக் கேட்கிறது. பட்டறை கொடுத்த செவிடு என்கிறேன். காபி ஆறுகிறது என்று சொன்னால் மட்டும் முதல் தடவையே கேட்கிறதே என்கிறாள் என் மனைவி.

சில வருஷத்தில் டாலியைக் கீழே வைத்துவிட்டு மரவேலை மிஸ்திரியாகிவிட்டேன். சட்டம் நிறுத்துவது, பில்லர் போடுவது, சீட் அமைப்பது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பஸ் கட்டுகிறவனுக்கு மனுஷன் என்றால் உட்கார்ந்திருக்கிறவன். சீட்டின் உயரம், கால் நீட்ட இடம், ஜன்னல் விளிம்பு எல்லாமே உட்கார்ந்திருக்கிற ஆளை வைத்துத்தான். நின்றுகொண்டு வருகிறவனுக்கு மேலே ஒரு கம்பி போட்டுவிட்டால் முடிந்தது. படுத்திருக்கிற ஆள் எங்கள் கணக்கிலேயே கிடையாது. இந்தக் கதையில் நடந்த தப்பு முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

2. டைப் சார்

ஐம்பதுகள் முடிகிற சமயம். ஸ்ரீரங்கத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த சௌந்தரராஜன் என்கிற டைப் சார் ஒருநாள் காலையில் பட்டறைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு மாடுகள் ஒரு வேனை இழுத்துக்கொண்டு வந்தன. மூடிப்போன ஒரு சோடா கம்பெனியின் வேன். காயலான் கடையில் வாங்கியிருக்கிறார். எஞ்சின் ஜாம் ஆகிப் போயிருந்ததால் அதைக் கழற்றி அதே காயலான் கடைக்காரரிடம் விற்று, அந்தப் பணத்தை மரம் வாங்க வைத்திருந்தார். எஞ்சினை விற்றுவிட்டு வண்டியைக் கொண்டுவந்த முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

அந்த வேனை ஒரு ஆள் குடியிருக்கிற மாதிரி ஆக்கித் தர வேண்டும் என்றார்.

முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "நாங்க பஸ்ஸு கட்டுறவங்க சார். வீடு கட்டணும்னா நல்ல கொத்தனாராப் பாருங்க."

"கொத்தனார் கட்டினா நெலம் வேணும். வாடகைக்குப் போனா இருமல் சத்தம் கேக்கறதுங்கறா" என்றார் டைப் சார்.

அதற்கு மேல் அவரே மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். அவர் மனைவி அம்புஜத்துக்கு டி.பி. ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். குணம் தெரியவில்லை. தனியாக, நல்ல காற்றில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடியிருந்த வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அடுத்து பார்த்த இரண்டு வீட்டிலும் அட்வான்ஸ் கொடுத்த பிறகு விஷயம் தெரிந்து திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவரிடம் டைப் படித்துத் தாலுகா ஆபீஸில் வேலைக்குப் போன ஒருவருக்குக் கோயிலுக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தது. வண்டியாக இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள், குடிசை போட்டால் அண்ணன் தம்பிகள் சண்டைக்கு வருவார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அதனால்தான் வேன்.

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். செய்து தருகிறேன், ஆனால் அந்த அம்மா பட்டறைப் பக்கம் வரக்கூடாது, வேலைக்காரர்கள் பயப்படுவார்கள் என்றார். டைப் சார் தலையை ஆட்டினார். அவருக்கு அது பழகிப்போயிருந்தது. அப்படியாக, யாருக்கு வீடு கட்டினோமோ அவரைக் கண்ணால் பார்க்காமலே கட்ட ஆரம்பித்தோம்.

3. பன்னீர் வாசனையில் வேலை

கையில் காசு இல்லாமல் ஒரு வேலையை எடுத்தால் பட்டறையில் குப்பைக்கெல்லாம் மரியாதை வந்துவிடும். சோடா கிரேட்டுகளைப் பிரித்து ஷெல்ஃப் போட்டேன். கும்பகோணம் ரோட்டில் மரத்தில் மோதிய ஒரு பஸ் மூலையில் கிடந்தது. அதன் சீட்டுகளிலிருந்து தேங்காய் நாரை எடுத்து மெத்தை தைத்தோம். அதே பஸ்ஸின் ஜன்னல் சட்டங்களில் நல்லதாக நான்கைப் பொறுக்கி வேனுக்கு மாட்டினேன். சட்டம் ரெடியாக இருக்கிறது, அதற்கு எங்கே பில்லரில் காடி வெட்ட வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். அளவுகோலே எடுக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

வண்டிக்குள் இடது பக்கச் சுவரோடு ஒரு கட்டில். வலது பக்கம் அடுப்பு மேடை, பாத்திர அலமாரி, மூடி போட்ட எச்சில் டப்பாவுக்கு ஒரு பலகை. பின்பக்கம் கதவு, மடக்குகிற படி. மல்லாந்து படுத்தால் இருமல் தூக்குகிறது என்று டைப் சார் சொன்னதால், ஒரு லாரி டிரைவர் சீட்டின் சாய்மானத்தைக் கட்டிலின் பின்பக்க முனையில் போல்ட் போட்டு இறுக்கினேன். தலை அங்கே, கால் எஞ்சின் இருந்த பக்கம்.

எவ்வளவு கழுவியும் வண்டியில் பன்னீர் சோடா வாசனை போகவில்லை. பெயிண்ட் ஒரு கோட்டுக்குத்தான் காசு இருந்தது. அந்த ஒரு கோட் காய்ந்ததும், இரண்டு பக்கமும் அடியில் இருந்த பழைய எழுத்து மெல்ல மேலே எழும்பி வந்தது. கலர், சோடா, ஜிஞ்சர். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகவே படிக்கலாம். இன்னொரு கோட் அடிக்கலாமா என்று டைப் சாரைக் கேட்டேன். வேண்டாம், வாசல்ல பேர்ப்பலகை மாதிரி இருந்துட்டுப் போறது என்றார். அவர் தமாஷ் பண்ணி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "அவ படுத்துண்டே கோபுரம் சேவிக்கணும். அது மட்டும் பார்த்துக்கோங்கோ."

வண்டியைத் தோப்பில் வடக்குப் பார்த்து நிறுத்தினால் இடது பக்கம் மேற்கு. அங்கேதான் வெள்ளைக் கோபுரம். தலையும் தெற்கே வந்துவிடும், குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னல் என் முகத்துக்கு நேரே கச்சிதமாக இருந்தது. என் முதுகை நானே தட்டிக்கொடுத்திருப்பேன், கை எட்டவில்லை.

4. பூசணிக்காயும் பாலும்

எங்கள் பட்டறையில் ஒரு வண்டி முடிந்தால் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு வெளியே அனுப்புவது வழக்கம். அந்தோணி அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் எலுமிச்சம்பழம் இல்லாமல் ஒரு வண்டியை விடமாட்டார். டைப் சாரோ இது வீடு, வீட்டுக்குப் பால்தான் காய்ச்சணும் என்றார். வண்டியா வீடா என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்து, பட்டறை வாசலில் பூசணிக்காய், தோப்பில் பால் என்று முடிவானது. எஞ்சின் இல்லாத வண்டி எப்படி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறும்? நாங்கள் எட்டுப் பேர் தள்ளி ஏற்றினோம்.

ஒரு லாரியின் பின்னால் கயிறு கட்டி வேனை இழுத்துக்கொண்டு போனோம். ஸ்டியரிங்கில் நான். மெயின் கார்டு கேட் தாண்டும்போதே இரண்டு பேர் பக்கத்தில் ஓடிவந்து கலர் என்ன விலை என்று கேட்டார்கள். காவிரிப் பாலத்தில் ஒரு பெரியவர் நடுரோட்டில் நின்று கைகாட்டி வண்டியை நிறுத்தப் பார்த்தார். லாரிக்கு பிரேக் இருந்தது, எனக்கு இல்லை. அவர் நகர்ந்தது என் அதிர்ஷ்டம்.

தோப்பில் ஒரு தென்னை மரத்தடியில் நாற்காலி போட்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. புடவைத் தலைப்பை வாயில் வைத்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் கண்ணில் சிரிப்பு வந்தது. எழுத்தைப் படித்துவிட்டார் என்று தெரிந்தது.

வண்டிக்குள்ளேயே டைப் சார் பால் காய்ச்சி எங்களுக்குக் கொடுத்தார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பால் சூடாக இருக்கிற மாதிரி ஊதிக்கொண்டே இருந்தேன். அந்தோணி அண்ணன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருந்தா ஊத்துங்க சார் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் குடித்தேன்.

அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நான் வாசல் படியில் பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

"கோபுரம் தெரியறதோ?" என்று டைப் சார் கேட்டார்.

"நன்னா இருக்கு. வானம் தெரியறது" என்றார் அந்த அம்மா. கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு தென்னங்கீத்தும் தெரியறது" என்றார்.

"கோபுரம்?"

"நான் எழுந்து உக்காந்தா தெரியும்னு நெனைக்கறேன்."

அவரால் இருமல் இல்லாமல் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. டைப் சார் ஜன்னலையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில் அந்தோணி அண்ணன் கேட்டார்: "நீ படுத்துப் பாத்தியாடா?"

"உக்காந்து பாத்தேண்ணே."

"உக்கார முடிஞ்சவங்களுக்கு எதுக்குடா இந்த வண்டி?"

நான் பேசாமல் இருந்த பயணம் என் சர்வீஸிலேயே அது ஒன்றுதான்.

5. இலை அளவு ஜன்னல்

அடுத்த லீவு நாளில் அண்ணனும் நானும் சாமான்களோடு தோப்புக்குப் போனோம். முதலாளியிடம் சொல்லவில்லை.

இந்தத் தடவை முதலில் படுத்துப் பார்த்தேன். அந்த அம்மா மரத்தடி நாற்காலியில் இருக்க, அவர் கட்டிலில் அவர் தலை வைக்கிற இடத்தில் தலை வைத்துப் படுத்தேன். எனக்கு நேரே தகடு, மேலே கூரை. பக்கவாட்டில் திரும்பினால் நான் ஆசையாக இழைத்த பலகை. மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் என் கைவேலையைப் பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில் பார்க்க அது ஒன்றும் அவ்வளவு அழகாக இல்லை.

கண் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். இரண்டு பில்லருக்கு நடுவே, சாப்பாட்டு இலை அளவுக்கு நீளவாக்கில் தகட்டை வெட்டினோம். மழைக்கு உள்ளேயிருந்தே இறக்கிக்கொள்ள ஒரு தகரக் கதவு. கொசுவுக்கு நெருக்கமான கம்பி வலை. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

அந்த அம்மா படுத்துத் தலையைத் திருப்பினார். தென்னை மரங்களுக்கு நடுவில் வெள்ளைக் கோபுரம் முழுசாக இருந்தது. கையைக் கூப்பினார். டைப் சார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்ஸ்டிட்யூட்டில் ஒரு பரீட்சைப் பையன் காத்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் டீ குடிக்கக் கிளம்பினார். நான் ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மிஸ்திரி, இந்த வண்டியைத் திருப்பி வெக்க முடியுமோ?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வெயில் அடிக்கிறதோ என்று கேட்டேன். இல்லை என்றார். இந்த ஜன்னல் அந்தப் பக்கம் இருக்க வேண்டுமாம்.

"அந்தப் பக்கம் வெறும் சந்துதானேம்மா?"

"அந்தச் சந்து வழியாத்தான் பள்ளிக்கூடத்துக் கொழந்தேள்லாம் போறதுகள்." சொல்லிவிட்டுச் சற்று மூச்சு வாங்கினார். "எங்க வைதேகியும் போறா."

வைதேகி அவருடைய ஒரே பெண். ஆறு வயது. அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அம்மா மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். தோப்பில்தான் இருக்கிறாள் என்று தெரிந்தால் குழந்தை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும், அதற்கு அப்புறம் அதைப் பிரிக்க முடியாது, நோயும் ஒட்டும் என்று எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. அந்த அம்மாவும் சேர்ந்து எடுத்ததுதான்.

வலது பக்கம் இன்னொரு ஜன்னல் வெட்டித் தருகிறேன் என்றேன். சொல்லும்போதே அது ஆகாது என்று தெரிந்தது. கட்டில் இடது பக்கம். எதிர்ச் சுவரில் எங்கே ஓட்டை போட்டாலும் நடுவில் அடுப்பு மேடை மறைக்கும். கட்டிலை மாற்றினால் மொத்த வண்டியையும் பிரிக்க வேண்டும். வண்டியைத் திருப்புவதுதான் வழி. அப்படித் திருப்பினால் கோபுரம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். சாய்மானம் போல்ட் போட்டு இறுக்கிய முனை வடக்கே வந்துவிடும்.

"சார் கோச்சுக்க மாட்டாங்களா?" என்றேன்.

"ஜன்னல் பெருமாளுக்குன்னு நெனச்சுண்டு சந்தோஷமாப் போறார், பார்த்தேளோன்னோ? நான் எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை."

சாயங்காலம் சார் திரும்பி வந்ததும் அந்த அம்மாவே அவரிடம் சொன்னார். நாங்கள் கிளம்பியிருக்கலாம், கிளம்பவில்லை. டைப் சார் முதலில் கோபுரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வடக்கே தலை வெச்சுப் படுப்பாளோ யாராவது?" என்றார்.

"வடக்கே தலை வெச்சா என்ன ஆகும்பாளோ, அது பாதி ஆயாச்சே. மீதி ஆறதுக்குள்ள அவளைப் பார்த்துக்கறேன்."

டைப் சார் கோபுரத்தின் பக்கம் பார்த்தார்.

"பெருமாளை நான் கண்ணை மூடிண்டாலும் சேவிக்கலாம். கொழந்தையை அப்படிப் பார்க்க வரலை" என்றார் அந்த அம்மா.

டைப் சார் வண்டியை விட்டு இறங்கிப்போய், கிணற்றடியில் தோப்புக்காரரின் தண்ணீர் இறைக்கிற மாடுகள் கட்டியிருந்த இடத்தில் நின்று, இதுகளால் இழுக்க முடியுமா என்று எங்களைக் கேட்டார்.

மாடுகள் இழுத்தன. அண்ணனும் டைப் சாரும் பின்னால் தள்ள, நான் ஸ்டியரிங் பிடித்தேன். மணலில் சக்கரம் புதைந்து புதைந்து நின்றது. அந்த அம்மாவை இறங்கி உட்காரச் சொன்னதற்கு, வீடு திரும்பறதை உள்ளே இருந்தே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஒரு இடத்தில் மாடுகள் என் பேச்சைக் கேட்காமல் நேரே கிணற்றுக்கே திரும்பின. பட்டறையிலும் என் பேச்சை யாரும் கேட்டதில்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே அந்த அம்மா சிரிப்பது கேட்டது. சிரிப்பு இருமலானது. நாங்கள் எல்லோரும் அது அடங்குகிறவரை நின்றுவிட்டுப் பிறகு தள்ளினோம்.

6. ஐஸ் வரவில்லை

மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற வழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தோப்புக்குப் போனேன். பாலக்கரையில் இருக்கிற பட்டறைக்கு ஸ்ரீரங்கம் எப்படி வழியாகும் என்று நீங்கள் கேட்கக்கூடாது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

"மிஸ்திரி, வெளியிலேருந்து பார்த்தா நான் தெரிவேனா?" என்று அந்த அம்மா கேட்டார்.

சந்தில் போய் நின்று பார்த்தேன். வலை நெருக்கமானது, வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. இலை அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டம்தான் தெரிந்தது. குனிந்து, உட்கார்ந்து, குழந்தை உயரத்திலும் பார்த்தேன்.

"தெரியலேம்மா."

"அது போறும்" என்றார்.

பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். நான் சக்கரத்தடியில் குந்திக்கொண்டு கல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண் கூட்டத்திலிருந்து பிரிந்து நின்றது. வண்டியின் மேல் இருந்த எழுத்தை விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தது. அப்போதுதான் வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

"மாமா, இந்தக் கலர்க் கடை எப்போ தெறப்பா?"

யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தாயாரின் மூக்கும் நெற்றியும் அப்படியே இருந்தன. எனக்கு எப்போதும் வாயில் ஒரு பதில் தயாராக இருக்கும். அன்றைக்கும் வந்தது. வந்ததை விட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், தெரியவில்லை.

"ஐஸ் வரல பாப்பா. ஐஸ் வந்ததும் தெறந்துருவோம்."

"நாளைக்கு வருமா?"

"வந்தாலும் வரும்."

அவள் ஜன்னலுக்கு அருகே வந்து, கண்ணை மூடிக்கொண்டு வலையை மோந்து பார்த்தாள். பன்னீர் வாசனை வந்திருக்கும். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இரண்டு நிமிஷம் இருமாமல் இருக்க முடியாத மனுஷி, அந்தக் குழந்தை நின்ற நேரம் முழுக்க இருமவில்லை. யாரோ பின்னாலிருந்து கூப்பிட, அவள் ஓடிவிட்டாள். சந்து முனை திரும்பிய பிறகுதான் வண்டிக்குள் இருமல் ஆரம்பித்தது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு சைக்கிளில் ஏறினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அந்தக் குழந்தை அங்கே நின்று கடை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனாள் என்று டைப் சார் ஒரு தடவை பாலக்கரைப் பக்கம் வந்தபோது சொன்னார். பொய் ஒன்றைச் சொல்லி ஒரு குழந்தையை தினமும் நிற்க வைத்தேன். என் சர்வீஸில் நான் செய்த உருப்படியான வேலை அதுதானோ என்று சில சமயம் தோன்றும்.

7. வண்டி திரும்பி வந்தது

மழைக்காலம் முடிந்து வண்டி பட்டறைக்குத் திரும்பி வந்தது. காட்டூர் பக்கம் டீக்கடை போட ஒருவர் அதை வாங்கியிருந்தார். ஒருபக்கம் கவுன்ட்டர் திறக்க வேண்டும், இந்தக் கீழ் ஜன்னல் எதற்கு, நாய் மூக்கை விடும், அடைத்துவிடுங்கள் என்றார். சாமான்களை எடுத்துப் போக டைப் சார் வந்திருந்தார். கூடவே வைதேகி.

நான் கேட்காமலே அவர் தணிந்த குரலில் சொன்னார்: "ஞாயித்துக்கெழமை போயிட்டா மிஸ்திரி. பள்ளிக்கூடம் கெடையாது."

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அம்மா இறந்துவிட்டாள் என்றுதான் குழந்தைக்குச் சொல்லியிருப்பார்கள். அதை நான் கேட்கவில்லை. கேட்டால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

வைதேகி வண்டியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். என்னையும்.

"மாமா, ஐஸ் வந்துடுத்தா?"

"வந்துருச்சு பாப்பா" என்றேன்.

எதிர்க் கடைக்குப் போய் ஒரு கலர் வாங்கிவந்து உடைத்துக் கொடுத்தேன். அவள் பின்பக்கப் படியில் ஏறி, கட்டிலில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் குடித்தாள். டைப் சார் பட்டறைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை. பாட்டில் காலியானதும் அவள் கட்டிலில் சாய்ந்து பார்த்தாள்.

"அப்பா, இங்கேருந்து ரோடு நன்னாத் தெரியறது."

டைப் சார் அவளை இறக்கிவிட்டு, பாத்திர மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

இளம் மிஸ்திரிகளுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். எது கட்டினாலும், யாருக்குக் கட்டுகிறீர்களோ அவர்கள் உள்ளே எப்படி இருப்பார்களோ அப்படி இருந்து பாருங்கள். படுத்திருக்கிறவருக்கு என்றால் படுங்கள். அதோடு, என்ன தெரிய வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். கூட வந்தவர் நல்லவர்தான், ஆனால் அவர் சொல்வது அவருடைய ஆசை. நான் அதற்குப் பிறகு எந்த வண்டியானாலும் பெயிண்டுக்கு முன் உள்ளே ஒரு தடவை படுத்துப் பார்ப்பேன். முதலாளி இரண்டு தடவை நான் தூங்குகிறேன் என்று நினைத்துச் சம்பளத்தைப் பிடித்தார். ஒரு தடவை உண்மையாகவே தூங்கியிருந்தேன்.

அன்றைக்குக் கீழ் ஜன்னலை அடைக்கிற வேலைக்கு டாலி பிடிக்க வேறு ஆள் இருந்தான். அவனை அனுப்பிவிட்டு நானே உள்ளே போனேன். ஜன்னல் இருந்த உயரத்துக்குப் படுத்தால்தான் கை சரியாக வரும். வடக்கா தெற்கா என்று பார்க்காமல் சாய்மானத்தில் தலை வைத்துப் படுத்தேன். பாலக்கரை ரோடு தெரிந்தது. ஜட்கா ஒன்று போனது. டைப் சார் மூட்டையோடு முன்னால் போக, வைதேகி இரண்டடிக்கு ஒருமுறை வண்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் உள்ளே இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்காது.

வெளியே அந்தோணி அண்ணன் தகட்டைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் திருப்பத்தில் மறைகிறவரை அவரும் அடிக்கவில்லை. பிறகு தகட்டை வைத்தார். என் கண்ணுக்கு நேரே இருட்டானது.

"புடிச்சுக்கிட்டியா?" என்றார் வெளியிலிருந்து.

"புடிச்சுக்கிட்டேண்ணே" என்றேன்.